ஆறு கோடு மருந்து

கோலாலம்பூரிலிருந்து வந்த கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. நோயாளி ஒருவருக்கு அளவுக்கு மீறி மருந்து கொடுத்து அவர் மயங்கிக் கிடக்கக் காரணமாக இருந்தீர்கள் என்று புகார் வந்திருக்கிறது, அதற்கு உங்கள் விளக்கம் என்ன? இது முதலாவது. நீங்கள் படித்த மருத்துவக் கல்லூரி எது, அங்கே என்னென்ன பயிற்சி பெற்றீர்கள், அசல் சான்றிதழ்களை உடனே அனுப்பவும். இது இரண்டாவது.

டாக்டரம்மா அதை என் மேசைமேல் போட்டார்.

"பாரு. மருந்து கொடுத்தது நானா, என் காலேஜா?"

எந்தக் காகிதத்தையும் கடைசி வரியிலிருந்து படிப்பது என் பழக்கம். கதைப் புத்தகத்தையும் அப்படித்தான் படிப்பேன். இந்தக் கடிதத்தின் கடைசி வரி, விசாரணை முடியும்வரை உங்கள் பதிவு புதுப்பிக்கப்பட மாட்டாது என்றது.

அதன் பொருள் எனக்குத் தெரியும். டாக்டரம்மா சென்னையில் படித்தவர். இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் படித்து வந்தவர்களின் பெயர் பதிவேட்டில் ஒருமுறை ஏறினால் ஏறியதுதான். டாக்டரம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் 'நிபந்தனைக்கு உட்பட்டது' என்று எழுதியிருக்கும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அந்த வருடத்துக் கெடு மாதக் கடைசியில் முடிந்தது. அதற்குள் புதுப்பிக்காவிட்டால் தலைவலிக்கு ஒரு மாத்திரைகூட அவர் எழுதித் தர முடியாது. மலாக்காவில், காஜா பெராங் சாலையில் எங்கள் கிளினிக்கின் பெயர்ப் பலகையைக் கழற்ற வேண்டும். அவர் கப்பல் ஏற வேண்டும்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. சீனியர் கேம்பிரிட்ஜ் தேறிவிட்டு, ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த மூன்று மாதத்துக்காக அந்தக் கிளினிக்கில் சேர்ந்தேன். மூன்று மாதம் இரண்டு வருடமாகிவிட்டது. பயிற்சிக் கல்லூரியிலிருந்து பதில் வந்தபோது நான் அதைப் பிரிக்கக்கூட அவசரப்படவில்லை. மருந்து கலக்கும் அறையின் வாசம் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. பலகைத் தடுப்பில் ஒரு சதுர ஓட்டை. அதன் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நோயாளிகள். ரப்பர்த் தோட்டத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள், கிளேபாங்கிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள், பின்னாலேயே குடியிருந்த செட்டி வீட்டுப் பெண்கள். தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருக்கும் இந்தச் செட்டிகள் விபூதி பூசுவார்கள், மாரியம்மனைக் கும்பிடுவார்கள், ஆனால் பேசுவது மலாய். சென்னையிலிருந்து வந்த புதிதில் டாக்டரம்மா அவர்களிடம் தமிழில் பேசித் திணறியிருக்கிறார். இரண்டே மாதத்தில் அந்தப் பெண்கள் அவருக்கு 'சாக்கிட்' முதல் 'சூடா பாய்க்' வரை, வலியிலிருந்து குணமாவது வரைக்கும், மலாய் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அவர் மலாய் பேசும்போது அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே ஊசியைப் போட்டுவிடுவார்.

ஓட்டைக்கு இந்தப் பக்கம் நான்தான் ராணி. சிரப் போத்தலைப் பார்க்காமலே கை நீட்டி எடுப்பேன். அளவுச் சீட்டு வெட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மருந்துப் போத்தலின் பக்கவாட்டில் ஒட்டுவோமே, ஓரத்தில் வெட்டு வெட்டாக இருக்கும் காகிதப் பட்டை, அதுதான். ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டுவரை ஒரு வேளை. அதை எல்லாரும் கோடு என்பார்கள். "ரெண்டு கோடு குடிச்சேன், இருமல் நின்னுச்சு" என்பார்கள். காகிதத்தை மடித்து, மடிப்பு முனையில் கத்தரியால் ஒரு சின்ன முக்கோணம் எடுத்துப் பிரித்தால் ஆறு கோடு வரும். மரவள்ளிக் கிழங்கு மாவுப் பசை தடவி ஒட்டிவிடுவேன். நூறு எண்ணுவதற்குள் மூன்று போத்தல்.

புகார் கொடுத்தவர் டவுனில் துணிக்கடை வைத்திருந்தார். தமிழ் முஸ்லிம். முப்பது வயதிருக்கும். இருமலில் கஷ்டப்பட்ட தன் உம்மாவை இரண்டு வாரத்துக்கு முன்பு எங்களிடம் கூட்டிவந்திருந்தார். டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு ஆறு வேளைக்கு இருமல் மருந்து எழுதினார். அபின் சாறு கலந்த மருந்து. கொஞ்சம் தூக்கம் வரும், பயப்படாதீர்கள் என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் மறுநாள் சாயந்திரம் அந்த அம்மாளை எழுப்ப முடியவில்லையாம். வாந்தியாம். கண்ணின் பாவை குண்டூசித் தலை மாதிரி சிறுத்துவிட்டதாம். பெரிய சாலையில் இருந்த, இங்கிலாந்தில் படித்த ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அவர் பார்த்துவிட்டு, மருந்து அதிகமாகிவிட்டது என்றிருக்கிறார். நல்லவேளை, இரண்டு நாளில் அம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மகன் நேராக மனு எழுதுபவரிடம் போயிருக்கிறார். புகாரின் நகலைக் கடிதத்தோடு அனுப்பியிருந்தார்கள். அதில் மருந்தைப் பற்றி நான்கு வரி. 'இந்தியாவில் படித்து வந்தவர்' என்பது மட்டும் ஐந்து இடத்தில்.

எனக்குக் கொதித்தது. மேசையில் உட்கார்ந்து அன்று மத்தியானமே பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். சுதந்திர மலாயாவில் ஒரு மருத்துவரின் தகுதியை அவர் படித்த ஊரை வைத்து அளப்பது எந்த நியாயம் என்று தொடங்கி, காலனி ஆட்சி போனாலும் காலனிப் புத்தி போகவில்லை என்று முடித்திருந்தேன். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு ஆச்சரியக்குறி வைத்திருந்தேன். டாக்டரம்மாவிடம் நீட்டினேன்.

அவர் நின்றபடியே படித்தார்.

"நல்லா எழுதுறே."

"அனுப்பவா டாக்டர்?"

"அந்த அம்மா நிஜமாவே மயங்கித்தானே கிடந்தாங்க?"

கடிதத்தை அவர் என் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"இதுல அவங்க எங்கே இருக்காங்க? நாலு பக்கத்துல நான் இருக்கேன், மலாயா இருக்கு, காலனி இருக்கு. சாகப் பார்த்தவங்க இல்லையே."

"ஆனா நம்ம மேல தப்பு இல்லையே டாக்டர்!"

"அது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் கோபமாக. அந்தக் கோபம் என்மேல் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. "உன்கிட்ட காட்டுறதுக்கு முன்னாடியே ரெண்டு ராத்திரி யோசிச்சேன். எழுதின அளவு சரி. கலந்த அளவு சரியா? சொல்லு. எனக்குத் தெரியல."

அதற்குமேல் பத்திரிகைக் கடிதத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? மடித்துக் கைப்பைக்குள் போட்டேன். மருந்துப் பதிவுப் புத்தகத்தை எடுத்தேன். புகார்க்காரர் வந்த நாளின் பக்கம். அந்த அம்மாளின் எண். மருந்து, அளவு, ஆறு வேளை, நாளைக்கு மூன்று, இரண்டு நாளுக்கு. என் கையெழுத்து. மூலப் போத்தலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தேன். அன்றிலிருந்து கொடுத்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். ஒரு கரண்டி வித்தியாசம்கூட இல்லை. எனக்கு மறுபடி தலை நிமிர்ந்தது.

பிறகு புகாரை இன்னொரு தரம் படித்தேன், இந்தமுறை முதல் வரியிலிருந்து. 'கொடுத்த மூன்று வேளை மருந்தும் குடித்து முடித்தபின் என் தாயார்…' என்று இருந்தது.

மூன்று வேளையா? நான் கொடுத்தது ஆறு.

ஆறு வேளை மருந்து ஒரே நாளில் மூன்று வேளையாகக் காலியாகியிருந்தால் ஒவ்வொரு வேளையும் இரண்டு மடங்கு. கண் பாவை சிறுத்ததில் ஆச்சரியம் என்ன? ஆனால் கோடு போட்ட சீட்டு ஒட்டியிருக்கும்போது எப்படி இரண்டு மடங்கு ஊற்ற முடியும்?

அப்போதுதான் அந்தப் போத்தல் எனக்கு நினைவுக்கு வந்தது.

அந்த வாரம் சிங்கப்பூரிலிருந்து வரவேண்டிய மருந்துப் போத்தல் பெட்டி வரவில்லை. சைக்கிளில் பழைய போத்தல் வாங்க வரும் சீனரிடமிருந்து ஒரு டஜன் வாங்கிச் சோடா உப்பில் ஊறவைத்து, கொதிக்கவைத்துக் கவிழ்த்து வைத்திருந்தேன். அதில் தட்டையான பிராந்திப் போத்தல்களை நானே பொறுக்கி எடுத்திருந்தேன். தட்டை முகத்தில் சீட்டு சுருக்கமில்லாமல் ஒட்டும் என்பது என் கண்டுபிடிப்பு. அதன் தோள்பட்டையில் ஒரு திராட்சைக் குலை புடைப்பாக வார்த்திருக்கும். மலாக்காவில் அந்தக் குலையைத் தெரியாத ஆண்பிள்ளை கிடையாது. அதில்தான் ஒரு முஸ்லிம் வீட்டு அம்மாளுக்கு மருந்து ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். கொடுக்கும்போது எனக்கு உறைக்கவில்லை என்று சொன்னால் பொய். உறைத்தது. அரை விநாடி. கொதித்த தண்ணீருக்குமேல் என்ன சுத்தம் வேண்டும், கண்ணாடிக்கு மதமா இருக்கிறது என்று நினைத்தேன். ரசாயனத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் அல்லவா.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நின்றேன்.

"அவங்க அதுலேருந்து குடிச்சிருப்பாங்கன்னு நினைக்கிறியா?" என்றார்.

"மாட்டாங்க."

"அப்போ எதுலேருந்து குடிச்சாங்க?"

மறுநாள் காலையில் நான் அந்த வீட்டுக்குப் போனேன். டாக்டரம்மா வரவில்லை. புகார் கொடுத்தவர் வாசலில் போய் டாக்டர் நிற்பது அவரை மிரட்டுவது போல ஆகும், அது தப்பு என்றார். நீயும் போகக்கூடாது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

துணிக்கடைக்குப் பின்கட்டில்தான் வீடு. அம்மாள் கட்டிலில் சாய்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். செத்துப் பிழைத்தவர் மாதிரியே இல்லை.

"வாம்மா மிஸ்ஸி" என்றார். இங்கே நர்ஸ் என்றால் மிஸ்ஸி, மருந்து கலக்குபவள் என்றாலும் மிஸ்ஸி. "ஒங்க டாக்டரம்மா ஏன் வரல? நான் நல்லாருக்கேன்னு சொல்லு. இவன் என்னமோ ஊர்க் காயிதமெல்லாம் எழுதிப்புட்டானாமே."

"உம்மா, நீங்க சும்மா இருங்க" என்றார் மகன். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "எதுக்கு வந்தீங்க? எழுதினத எழுதியாச்சு. இனிமே கோலாலம்பூர் பாத்துக்கும்."

"சரி நானா. நான் வாதாட வரல. மருந்துப் போத்தல ஒரு தரம் பாக்கணும், அவ்ளோதான்." அவர்கள் வழக்கில் நானா என்றால் அண்ணன்.

அவர் யோசித்தார். புகாருக்கு ஆதாரம் என்று பத்திரமாகத்தான் வைத்திருந்தார். அலமாரியைத் திறந்து எடுத்துவந்தார்.

தேன் போத்தல். உருண்டையாக, வயிறு பெருத்த தேன் போத்தல். அதில் என்னுடைய சீட்டு ஒட்டியிருந்தது.

கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். சீட்டில் மூன்று கோடுதான் இருந்தது. என் கை வெட்டு எனக்குத் தெரியாதா? முக்கோணம் மூன்றும் என்னுடையவைதான். ஆனால் அடி ஓரம் என்னுடையதில்லை. என் கத்தரி நேராக வெட்டும். அந்த ஓரம் மட்டும் ரம்பப் பல் மாதிரி, சின்னச் சின்ன வளைவாக, பிசிறில்லாமல் இருந்தது. துணியின் ஓரம் நூல் பிரியாமலிருக்கத் துணிக்கடையில் வெட்டுவார்களே, அந்தப் பல் கத்தரி வெட்டு.

அவரைக் கடைப்பக்கம் வரச் சொல்லிக் கண் காட்டினேன். சட்டைத் துணிக் கட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு மெல்லக் கேட்டேன்.

"நானா, போத்தல நீங்க மாத்தினீங்களா?"

அவர் முகம் சிவந்தது. "பின்னே? என்னா போத்தல் குடுத்தீங்க நீங்க? வீட்டுக்குள்ள கொண்டுபோற பொருளா அது? உம்மா கண்ணுல படறதுக்கு முந்தி அலசி மாத்தினேன். அஞ்சு வேள தொழுவுற மனுஷி. அதுலேருந்து ஒரு சொட்டு உள்ள போச்சுன்னு தெரிஞ்சா என் கையால தண்ணி வாங்கிக் குடிக்குமா?"

"தப்பு என்னோடதுதான் நானா. போத்தல் குடுத்தது நான்தான், டாக்டர் இல்ல. ஆனா சீட்டு?"

"சீட்டையும் நீராவியில காட்டி அழகா உரிச்சு ஒட்டினேனே! கிழியாம!" அதில் அவருக்கு உண்மையிலேயே பெருமை இருந்தது.

"அடில கொஞ்சம் வெட்டிட்டீங்களா?"

"மருந்து மட்டத்துக்கு மேல் ஓரத்த வச்சு ஒட்டினேன். கீழ பாதி தொங்கிச்சு. தொங்கினா வெட்டணும் இல்லையா?" என்றார். துணிக்காரரின் கை. தொங்குவதை வெட்டாமல் இருக்காது.

"நானா, தட்டப் போத்தல்ல ஒரு கோடு ஒசரம்னா ஒரு வேள. இது ரெண்டு மடங்கு அகலம். இதுல ஒரு கோடுன்னா ரெண்டு வேள."

அவர் புரிந்துகொள்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அகலக் கணக்கைத் துணிக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒற்றைப் பன்னா அகலத்துக்கு எத்தனை கெஜம், இரட்டைப் பன்னா அகலத்துக்கு எத்தனை கெஜம் என்று தினமும் பார்க்கிறவர். பக்கத்திலிருந்த துணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வாய் மட்டும் 'உம்மா' என்றது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது அந்த நினைப்பு நிற்கவில்லை.

"அந்தத் தட்டப் போத்தல் எங்க நானா? ரெண்டையும் பக்கத்துல வச்சுக் காட்டினா முடிஞ்சுபோச்சு."

"ஆத்துல போட்டுட்டேன்" என்றார். என்னைப் பார்க்கவில்லை. "புகார வாபஸ் வாங்கிக்கிறேன் மிஸ்ஸி. நாளைக்கே எழுதிடறேன். ஆனா இதெல்லாம் வெளிய வேண்டாம். உம்மாவுக்குத் தெரிய வேண்டாம். எந்தப் போத்தல்னும் தெரிய வேண்டாம், யாரு சீட்டு வெட்டினதுன்னும் தெரிய வேண்டாம். ஒங்களக் கெஞ்சிக் கேக்குறேன் லா."

சைக்கிளைப் பறக்கவிட்டு வந்து சொன்னேன். டாக்டரம்மா துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வாபஸ் வேண்டாம்."

"டாக்டர்!"

"வாபஸ் வாங்கினா கோப்புல என்ன எழுதுவாங்க? 'புகார் வந்தது. திரும்பப் பெறப்பட்டது.' அவ்வளவுதான். அடுத்த வருஷம் புதுப்பிக்கிறப்போ யாராவது அதைப் புரட்டுவாங்க. சரிக்கட்டிட்டா போலிருக்குன்னு நினைப்பாங்க. நான் என்ன செஞ்சேன், செய்யலன்னு யாராவது ஒருத்தர் உட்கார்ந்து கேட்டு முடிவு சொல்லட்டும். புகார் கொடுக்க அவருக்கு உரிமை இருக்கு. கேட்டு முடிவு சொல்லச் சொல்ல எனக்கும் உரிமை இருக்கு."

"அவர் உம்மா முன்னாடி…"

"அவர் வந்து சொல்றதும் சொல்லாததும் அவர் இஷ்டம். நான் கேக்கப் போறதில்ல. நீயும் கேக்கக்கூடாது. இந்தத் தடவை நிஜமாவே சொல்றேன்."

நான் கேட்கவில்லை. அந்தப் பத்து நாளும் அந்தத் தெரு வழியாகச் சைக்கிள் விடாமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பின்வீட்டுச் செட்டிதான் கட்டடத்துக்குச் சொந்தக்காரர். பலகையைக் கழற்றப் போகிறீர்களா என்று மலாயில் என்னைத் தினம் ஒரு தரம் கேட்டார். "கழட்டுனா சொல்லு, ஏணி என்கிட்ட இருக்கு" என்பார். கேலியா பரிவா என்று தெரியாது. இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

விசாரணை மலாக்காவிலேயே நடந்தது. டவுனில் ஓர் அரசாங்கக் கட்டடத்தில் மின்விசிறி சுற்றும் நீளமான அறை. மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் வெள்ளைக்கார அதிகாரி. இன்னும் சில மாதத்தில் ஊர் திரும்பப் போகிறவர். இன்னொருவர் உள்ளூர் டாக்டர், இங்கிலாந்தில் படித்தவர்; அந்த அம்மாளுக்கு வைத்தியம் பார்த்தவர் அல்ல. ஓரத்தில் ஒரு குமாஸ்தா. நாங்கள் போனபோது துணிக்கடைக்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் தரையைப் பார்த்தார்.

முதலில் கல்லூரிக் கதை. அங்கே எத்தனை படுக்கை, பிரசவம் எத்தனை பார்த்தீர்கள், தேர்வுக்கு வெளியிலிருந்து யார் வந்தார்கள், பாடம் எந்த மொழியில் நடந்தது. டாக்டரம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். முழங்காலில் வைத்திருந்த கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தார். ஆனால் குரலில் ஒரு முறுக்கும் இல்லை. கடிகாரத்தில் பெரிய முள் முக்கால் வட்டம் போய்விட்டது. இருமல் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"ஐயா, போத்தலைக் கொடுத்தது டாக்டர் இல்லை. நான்" என்றேன் ஆங்கிலத்தில். "நான் எந்த மருத்துவக் கல்லூரியிலும் படிக்கவில்லை."

உள்ளூர் டாக்டரின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. வெள்ளைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "எந்தப் போத்தல்?" என்றார்.

சொன்னேன். பழைய போத்தல் வாங்கியது, கொதிக்கவைத்தது, தட்டை முகம், திராட்சைக் குலை, எல்லாம். நான் சொல்லக்கூடியது அதுவரைக்கும்தான். போத்தலை மாற்றிய கதை என்னுடையது இல்லை. நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். துணிக்கடைக்காரர் எழுந்தார். தேன் போத்தலை மேசைமேல் வைத்தார்.

அப்போது கதவு திறந்தது. அவருடைய உம்மா. பின்னால் அவரை ஏற்றி வந்த டிரைஷாக்காரர், முடிச்சு ஒன்றைத் தூக்கிக்கொண்டு.

"உம்மா! நீங்க எதுக்கு…"

"நீ இரு தம்பி. பத்து நாளா சோறு எறங்காம ஒக்காந்திருக்க. ஒனக்கு என்னான்னு எனக்குத் தெரியாதா? கடையில பேசுனது பின்கட்டுல கேக்காதா?" என்றவர், டிரைஷாக்காரரிடமிருந்து முடிச்சை வாங்கி மேசைமேல் வைத்து அவிழ்த்தார். உள்ளே தட்டைப் போத்தல். தோளில் திராட்சைக் குலை. கழுத்துவரை தேங்காய் எண்ணெய்.

மகன் அப்படியே நின்றார். "ஆத்துல…"

"ஆத்துலயா போட்ட? விறகு அடுக்குக்குப் பின்னால சொருகி வச்சா ஆத்துல போட்டதா? எண்ண ஊத்த நல்ல போத்தல் இல்லேன்னு நான்தான் எடுத்து வச்சிக்கிட்டேன்." குமாஸ்தா தமிழர். மொழிபெயர்க்கத் தடுமாறிக்கொண்டிருந்தார். அவருக்காக அம்மாள் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். "அது என்னா போத்தல்னு எனக்குத் தெரியாதா? ஒங்க வாப்பா எத்தன வருஷம் துறைமுகத்துல சாமான் எறக்குனாரு, எத்தன பொட்டி பாத்திருப்பேன். கழுவுனா கண்ணாடி. வேற என்னா? இந்தப் புள்ள மேல எனக்கு வருத்தம்தான், கேட்டுக் குடுத்திருக்கலாம். அதுக்காக அந்த டாக்டரம்மாவோட வேலையில கைவைக்கிறதா? மூணு வேள குடிச்சேனே, ஊத்திக் குடுத்தது யாரு? நீயி. சொல்லு. வாயத் தொறந்து சொல்லு தம்பி, ஒன்னும் ஆவாது."

அவர் சொன்னார். அலசியது, நீராவியில் உரித்தது, தொங்கியதை வெட்டியது, எல்லாவற்றையும். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. சொல்லி முடித்ததும், பத்து நாளைக்குப் பிறகு முதல் தடவையாக மூச்சு விட்டவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்தார்.

உள்ளூர் டாக்டர் இரண்டு போத்தலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தட்டைப் போத்தலின் முகத்தில் என் மரவள்ளிப் பசை காய்ந்து வெள்ளையாகத் தடம் விட்டிருந்தது. ஆறு முக்கோணமும் அதில் தெளிவாகத் தெரிந்தன. தேன் போத்தலின் சீட்டை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சரியாகப் பாதி.

"என் கிளினிக்கிலும் பழைய போத்தல்தான்" என்றார் வெள்ளைக்காரரிடம். "இதே போல அளவுச் சீட்டுதான்."

"உங்கள் நோயாளிகளும் இப்படி மாற்றி ஊற்றுவார்களா?"

"தெரியாது" என்றார் அவர். "நான் கேட்டதில்லை. என்னையும் யாரும் கேட்டதில்லை."

டாக்டரம்மா அப்போதுதான் கைக்குட்டையை முறுக்குவதை நிறுத்தினார்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பதில் வந்தது. நான் அதையும் கடைசி வரியிலிருந்துதான் படித்தேன். பதிவு புதுப்பிக்கப்பட்டது. அதற்கு மேலே, புகார் நிரூபிக்கப்படவில்லை. அதற்கும் மேலே, மருந்துப் போத்தலில் மொத்தம் எத்தனை வேளை என்பதையும் எழுதி ஒட்டுவது நல்லது என்று ஒரு வரி. நியாயமான வரி. நானே எழுதியிருப்பேன். 'நிபந்தனைக்கு உட்பட்டது' மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. டாக்டரம்மா உடனே காகிதம் எடுத்து, அதை ஏன் நீக்கக்கூடாது என்று ஒரு மனு எழுத ஆரம்பித்தார். என்னிடம் காட்டினார். ஒரே பக்கம். ஆச்சரியக்குறி இல்லை. அந்த மனுவுக்குப் பதில் வர வெகுநாள் ஆயிற்று. வந்தது.

அசல் சான்றிதழ்கள் திரும்பி வந்தபோதுதான் அவர் நிஜமாகவே கத்தினார். கோப்பில் கோக்க வசதியாகச் சென்னைச் சான்றிதழின் ஓரத்தில் துளை போட்டுவிட்டார்கள்.

"ஓட்டை போட்டுட்டாங்க பாரு! அஞ்சு வருஷம் படிச்சு வாங்கினதும்மா இது!"

பின்வீட்டுச் செட்டி சத்தம் கேட்டு ஓடிவந்து, நிலைமையைப் புரிந்துகொண்டு, ஏணி வேண்டாமா என்றார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துளையை மறைக்கிற மாதிரி அகலமான சட்டம் போட்டு அதைச் சுவரில் மாட்டினோம். ஏணி அவருடையதுதான்.

என்னை டாக்டரம்மா திட்டவில்லை. பதிவுப் புத்தகத்தில் அந்தத் தேதியை எடுத்து, பழைய வரிக்குக் கீழே எழுதச் சொன்னார். 'போத்தல்: பிராந்தி. கொடுத்தது: நான்.' கையெழுத்துப் போட்டேன். பத்திரிகைக்கு எழுதிய நான்கு பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் சொன்னதில் பாதி இன்றைக்கும் சரி என்றுதான் நினைக்கிறேன். மறுபடி எழுதினால் முதல் பத்தியில் ஒரு நோயாளியை வைப்பேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சீட்டின் அடியிலும் எண்ணிக்கை எழுதினேன், 'வேறு போத்தலில் ஊற்றக்கூடாது' என்றும் எழுதினேன். தமிழிலும் மலாயிலும் நானே எழுதினேன். சீனத்தில் எழுதிக் கொடுத்தது அந்தப் பழைய போத்தல்காரர். தன் போத்தலைக் குறை சொல்லவில்லையே என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

சில மாதம் கழித்து, மழைக்காலத்தில், துணிக்கடை அம்மாள் இருமிக்கொண்டே வந்தார். டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு என் ஓட்டைக்கு வந்து மடியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். அதே தட்டைப் போத்தல். தேங்காய் எண்ணெய் வாசம் எட்டடிக்கு அடித்தது.

"இதுலயே ஊத்து மிஸ்ஸி. ஒன் சீட்டு இதுலதான் நல்லா ஒட்டும்."

"ஐயோ, வேணாம்மா. எண்ணெப் பிசுக்கு. மருந்து கெட்டுப்போகும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓகோ. ஒன் கண்ணாடிக்கு எண்ண ஆகாது. பிராந்தி மட்டும் ஆகுமோ?"

காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து டாக்டரம்மாவின் சிரிப்பும் கேட்டது. நான் போத்தலை வாங்கினேன். சோடா உப்புப் போட்டு, கொதிக்கவைத்து, வாசம் போகும்வரை மூன்று தடவை கழுவினேன். அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்தை ஊற்றி, சீட்டை மடித்து வெட்டி, ஒட்டி, ஓட்டை வழியாக நீட்டினேன்.

அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"ஆறு" என்றார். "சரி. கத்தரி வச்சிருக்கவன் கண்ணுல படாம நான் பாத்துக்கிறேன்."